திரும்பி வருகிறவர்கள்

எங்கள் நாட்டில் கொடுக்கிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. பர்மாவைப் பற்றி வெளியே எத்தனையோ மோசமான செய்திகள் வருகின்றன, அதில் முக்கால்வாசி உண்மையும்தான், ஆனால் எந்த நாட்டு மக்கள் அதிகம் உதவி செய்கிறார்கள் என்று ஆண்டுதோறும் எடுக்கிற உலகக் கணக்கில் 2014-இல் அமெரிக்காவோடு சேர்ந்து முதலிடம், அப்புறம் 2015, 2016, 2017 மூன்று வருஷமும் தனியாக முதலிடம் என்று வந்ததும் இதே நாடுதான். ரங்கூனில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. விடிந்ததும் வெறுங்காலோடு வரிசையாக வரும் பொங்கிகளுக்கு, அதாவது புத்த பிக்குகளுக்கு, சோறு போடாத தெரு உண்டா? மரத்தடிகளில் மண்பானையில் தண்ணீர் நிரப்பி, மூடி மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறார்களே, யார் வைத்தார்கள் என்றே யாருக்கும் தெரியாது. தினமும் யாரோ நிரப்புகிறார்கள்.

அதனால் "இரக்கத்தை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்ததே நாம்தான்" என்று நம் கிறிஸ்தவ ஆட்கள் மேடையில் பேசும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். 2014 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்த நாட்டில் பௌத்தர்கள் நூற்றுக்கு 88 பேர், கிறிஸ்தவர்கள் ஆறு பேர். அந்த 88 பேரிடம் கொடுப்பதைப் பற்றி நாம் பாடம் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. நானே சின்ன வயதில் கொடுக்கக் கற்றுக்கொண்டது பக்கத்து வீட்டு பர்மிய அம்மாவைப் பார்த்துத்தான்.

சரி, பிறகு கிறிஸ்தவ இரக்கம் என்று தனியாக என்ன இருக்கிறது? இதைப் பற்றிப் பல வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன், எனக்குக் கிடைத்த பதில் லூக்கா நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. நல்ல சமாரியர் கதை. எல்லோருக்கும் தெரியும்: எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழியில் கள்வர்கள் அடித்துப் போட்ட ஒருவர், பார்த்துவிட்டு விலகிப் போன குரு, அதே மாதிரி விலகிப் போன, ஆலய வேலை பார்க்கிற லேவியர், கடைசியில் வந்த சமாரியர். எண்ணெயும் திராட்சை மதுவும் ஊற்றிக் கட்டுப் போடுகிறார், தன் விலங்கின் மேல் ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோகிறார், அன்று ராத்திரி கூட இருந்து பார்த்துக்கொள்கிறார். மறுநாள் இரண்டு தெனாரியம் எடுத்துக் கொடுக்கிறார். ஒரு தெனாரியம் என்றால் அந்தக் காலத்தில் ஒரு கூலியாளுக்கு ஒரு நாள் கூலி. பிரசங்கங்கள் பெரும்பாலும் இத்தோடு 'யார் என் அயலான்' என்ற கேள்விக்குத் தாவிவிடும். ஆனால் சமாரியர் சாவடிக்காரரிடம் இன்னொன்றும் சொல்கிறார், இதற்கு மேல் செலவானால் நான் திரும்பி வரும்போது தருகிறேன் என்று.

எனக்குக் கதையின் உயிரே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அந்த ஆள் பிரயாணம் போகிறவர், அவருக்கென்று வேலை இருக்கிறது, அதை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடவில்லை, போய் வேலையைப் பார்க்கிறார். ஆனால் அதே வழியாக வந்து, அதே சாவடியில் இறங்கி, அந்தக் காயம்பட்டவன் எப்படி இருக்கிறான் என்று மறுபடி பார்க்கப் போகிறார். முதல் நாள் உதவி இரத்தத்தைப் பார்த்துப் பதறி வந்தது. இரண்டாவது வருகைக்கு அந்தப் பதற்றம் எதுவும் இருக்காது, இரத்தம் காய்ந்திருக்கும், ஆள் ஒருவேளை சிடுசிடுவென்று இருப்பான், சாவடிக் கணக்கு கொஞ்சம் கூடியிருக்கும். அப்போதும் வருகிறவரிடம் இருப்பதைத்தான் நான் கிறிஸ்தவ இரக்கம் என்று நினைக்கிறேன். அது கிறிஸ்தவர்களிடம் மட்டும்தான் இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் இயேசு நம்மிடம் கேட்டது அதுதான்.

நான் மரியாயின் சேனையில் இருக்கிறேன். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1921-இல் அயர்லாந்தில் டப்ளின் நகரத்தில் பிராங்க் டஃப் என்கிற ஓர் அரசாங்க உத்தியோகஸ்தர் தொடங்கியது, இன்று உலகம் முழுக்க இருக்கிறது, பர்மாவில் சின்னச் சின்னப் பங்குகளில்கூட, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த சபைகளில்கூட, இருக்கிறது. வாரம் ஒருமுறை கூடுவோம், செபமாலை சொல்வோம், போன வாரம் ஒப்புக்கொண்ட வேலையைச் செய்தோமா என்று ஒவ்வொருவரும் வாய்விட்டு அறிக்கை கொடுப்போம், அடுத்த வாரத்துக்கு வேலை வாங்கிக்கொள்வோம். எப்போதும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். இதில் வெளியாட்களுக்கு விநோதமாகத் தெரிகிற ஒரு விதி இருக்கிறது: போகிற இடத்தில் பொருளுதவி செய்யக் கூடாது. அரிசி, பணம், துணி எதுவும் கொடுக்கக் கூடாது. போய்ப் பார்க்கலாம், பேசலாம், கையால் ஆன வேலையைச் செய்யலாம், அவ்வளவுதான்.

சேர்ந்த புதிதில் எனக்கு இந்த விதி பிடிக்கவே இல்லை. பசித்தவனைப் பார்த்து "சமாதானமாய்ப் போ, குளிர்காய்ந்து சாப்பிடு" என்று வாயால் மட்டும் சொன்னால் என்ன பிரயோசனம் என்று பைபிளில் யாக்கோபு கேட்கிறாரே! ஆனால் வின்சென்ட் தே பவுல் சபை என்று இன்னொரு அமைப்பு இருக்கிறது, 1833-இல் பாரிஸில் ஓசானாம் என்கிற கல்லூரி மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது. அவர்களும் இரண்டு பேராகத்தான் வீடு வீடாகப் போவார்கள், பொருளுதவி அவர்கள் வேலை. யாருக்கு அரிசி தேவை என்று எங்களுக்குத் தெரிந்தால் அவர்களிடம் சொல்கிறோம். அப்படியானால் எங்களிடம் மிச்சம் இருப்பது என்ன? நேரம் மட்டும்தான். கொடுக்க வேறு எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு ஒருவர் படுக்கைப் பக்கத்தில் போய் உட்காரும்போது ஒன்று புரியும். பையை நீட்டிவிட்டு ஐந்து நிமிஷத்தில் கிளம்புகிற வழி அடைபட்டுவிடுகிறது. உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரி நிலவரம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், வெளிநாட்டில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நோயாளியோடு ஓர் ஆள் கூடவே இருந்தால்தான் வேலை நடக்கும். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவது, சாப்பாடு ஊட்டுவது, மலசலம் எடுப்பது, துணி மாற்றுவது, ராத்திரி சலைன் பாட்டில் தீர்ந்தால் நர்ஸைக் கூப்பிடுவது எல்லாம் கூட இருக்கிற ஆளுடைய பொறுப்பு. நர்ஸ்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஒருத்தர் கையில் எத்தனை கட்டில்! கட்டிலுக்கு அடியில் பாயைப் போட்டு, பக்கத்தில் பிளாஸ்டிக் பேசின், டிபன் கேரியர், கொசுவத்தி என்று குடும்பமே அங்கே குடியிருக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள், குடும்பமே இல்லாத ஆள் அந்த வார்டுக்கு வந்தால்?

அப்படிப்பட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். காரணம் எல்லோருக்கும் தெரிந்த பழைய கதைதான். 1963, 64-இல் கடைகளையும் கம்பெனிகளையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, 64 மே மாதம் ஐம்பது, நூறு நோட்டுகள் செல்லாது என்றார்கள், அந்த வருஷங்களில் மூன்று லட்சம் இந்தியர்கள் போல இந்த நாட்டை விட்டுப் போனார்கள். கையில் ஒன்றுமில்லாமல் மெட்ராஸில் இறங்கியவர்கள் அங்கே பர்மா பஜார் போட்ட கதையை எல்லோரும் சொல்வார்கள். கப்பலேறாமல் நின்றுவிட்டவர்கள் கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை. அக்கா போயிருப்பாள், தம்பி இங்கே நின்றிருப்பான். சித்தப்பா போயிருப்பார், கடையை விட மனசில்லாமல் அப்பா நின்றிருப்பார். கொஞ்ச காலம் கடிதம் வரும், அப்புறம் நின்றுபோகும். கல்யாணம் ஆகாமல், அல்லது ஆகியும் பிள்ளை இல்லாமல், எழுபது வயதைத் தாண்டித் தனியாக நிற்கிற தமிழர்கள் ரங்கூன் பக்கம் தன்லியினிலும் தலாவிலும் இன்செயினிலும் ஒவ்வொரு பேட்டையிலும் இருக்கிறார்கள்.

அப்படி ஒரு தாத்தாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிற ஒரு பர்மியப் பையன்தான் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான், அவனும் அவன் பாட்டுக்கு நாலைந்து நாள் வந்து பார்த்துவிட்டு, அப்புறம் பிழைப்பைப் பார்க்க வேண்டாமா, வரவில்லை. எங்களுக்குத் தகவல் வந்தபோது தாத்தாவுக்கு முதுகுக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், படுக்கைப்புண் ஆரம்பித்திருந்தது. முதலில் சிவப்பாகத்தான் தெரியும், விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மாறாது. அதுதான் அடையாளம். அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் காப்பாற்றிவிடலாம், தோல் பிய்ந்துவிட்டால் மாசக்கணக்கில் ஆகும்.

ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கிற வேலையை அந்த வார்டில்தான் எனக்கு ஒரு வயதான நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார். இழுக்கக் கூடாது, இழுத்தால் தோல் உரியும். அவருடைய முழங்காலை மடித்து, ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் கொடுத்து, மரக்கட்டையை உருட்டுகிற மாதிரி மொத்தமாக நம் பக்கம் உருட்ட வேண்டும், முதுகுக்குப் பின்னால் தலையணையை அடைக்க வேண்டும், இரண்டு முழங்காலும் ஒன்றோடு ஒன்று உரசாமல் நடுவில் மடித்த துணி வைக்க வேண்டும், குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்கால் கீழே துணி கொடுத்துத் தூக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இதையே மறுபக்கம். ராத்திரியும்தான். எழுதும்போது சின்ன விஷயமாகத் தெரிகிறது. ஆனால் ஒரு மனிதனுக்கு எலும்பு தெரிகிற புண் வருவதும் வராமல் போவதும் இந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்திருக்க ஓர் ஆள் இருக்கிறாரா என்பதில்தான் இருக்கிறது, எந்த விலை கொடுத்து வாங்குகிற மருந்தும் அதற்கு ஈடு ஆகாது.

கஞ்சி ஊட்டுவதும் அப்படித்தான். படுத்த வாக்கில் ஊட்டினால் மூச்சுக்குழாயில் போய்விடும். முதுகுக்கு அணைவு கொடுத்து உட்கார வைத்து, வாயில் பக்கவாதம் தாக்காத பக்கமாகக் கால் கரண்டி, அதற்கு மேல் கூடாது, தொண்டைக் குமிழ் மேலே போய்க் கீழே இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. ஒரு சின்னக் கிண்ணம் காலியாக முக்கால் மணி நேரம் ஆகும். தாத்தா அந்த முக்கால் மணி நேரத்திலும் பேசமாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார், சில நாள் வாயை மூடிக்கொண்டு முடியாது என்று அடம் பிடிப்பார். அவருக்குக் கோபம், அது நியாயமான கோபம். ஊர் பேர் தெரியாத பொம்பளைகள் தனக்கு மலம் எடுக்கிறார்கள் என்பதைத் தாங்கிக்கொள்வது ஓர் ஆண்பிள்ளைக்கு லேசா?

என் கூட வருகிற அக்காதான் அவரைப் பேச வைத்தவர். அக்காவுக்கு ஊர் விஷயம் எல்லாம் அத்துப்படி, "எந்தத் தெருவில் கடை தாத்தா, மொகல் தெருவா, பிரேசர் தெருவா?" என்று பழைய பேரைச் சொல்லிக் கேட்டார். பிரேசர் தெரு என்றால் இப்போதைய அனோரதா வீதி. அந்தப் பேரைக் கேட்டதும் மனுஷனுக்கு முகமே மாறிவிட்டது. 64-இல் அவருக்குப் பன்னிரண்டு வயது, அவருடைய அக்கா தன் புருஷனோடு கப்பலேறிவிட்டாள், அப்பா கடையை விட்டு வர முடியாது என்று நின்றுவிட்டார், கடையும் போய்விட்டது. குழறிக் குழறி இதைச் சொல்லி முடிக்க அவருக்குப் பல நாள் ஆனது. எல்லாம் சொன்ன பிறகு ஒன்று கேட்டார். காளி கோயில் விபூதி கொஞ்சம் கொண்டுவர முடியுமா?

அக்கா மறுநாளே கொண்டுவந்து நெற்றியில் பூசிவிட்டார். பங்கில் சில பேருக்கு இது பிடிக்கவில்லை, மாதாவின் சேனையில் இருந்துகொண்டு விபூதி பூசுவதா என்று கேட்டார்கள். கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை, விசுவாசத்தில் அக்கறை உள்ளவர்கள்தான், ஆனால் இந்த விஷயத்தில் நான் முழுக்க அக்கா பக்கம். அந்தச் சமாரியர் காயம்பட்டவனிடம் நீ எந்த மலையில் தொழுகிறாய் என்று கேட்கவில்லை. யூதர்களும் சமாரியர்களும் சண்டை போட்டதே அந்தக் கேள்விக்காகத்தான், கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். உதவி செய்துவிட்டு அதற்கு ஈடாக ஞாயிறு பூசைக்கு வா என்று எதிர்பார்ப்பது எனக்கு வியாபாரமாகத்தான் படுகிறது, அதுவும் படுத்த படுக்கையாய், மாட்டேன் என்று சொல்லவே தெம்பில்லாத ஆளிடம். இந்த நாட்டில் சிறுபான்மையாய் இருக்கிற நமக்கு இது இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். யாராவது நம் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டால் தாராளமாகச் சொல்லுவோம், அதில் எனக்கு வெட்கம் கிடையாது, என் ஆண்டவருக்காகத்தான் இதைச் செய்கிறேன். ஆனால் கேட்க வேண்டியது அவர்கள்.

தாத்தா இறந்தபோது எடுத்துப் போட ஆள் இல்லை என்ற கவலை எங்களுக்கு வரவில்லை, ஏனென்றால் ரங்கூனில் இலவச சவ அடக்கச் சங்கம் இருக்கிறது. சோ தூ என்கிற சினிமா நடிகர் முன்னின்று 2001-இல் தொடங்கியது. பணம் இல்லாததால் பிணத்தை எடுக்க முடியாமல் தவித்த குடும்பங்களுக்காக, சாதி மதம் பார்க்காமல், ஒரு காசு வாங்காமல் வண்டி அனுப்புகிறார்கள். பிணத்தைத் தொடுவதை அபசகுனமாக நினைக்கிற ஊரில், திரையில் கதாநாயகனாக நடித்த ஆள் தன் தோளில் சவப்பெட்டியைத் தூக்கினார். அவர் பௌத்தர். நான் முதலில் எழுதியதை இங்கே மறுபடி நினைத்துக்கொள்கிறேன், திரும்பத் திரும்ப வருகிற இரக்கம் எந்த ஒரு மதத்தின் சொத்தும் இல்லை. அவர்களுடைய வண்டியில்தான் தாத்தா யேவே சுடுகாட்டுக்குப் போனார், சைக்கா ஓட்டுகிற அந்தப் பையனும் எங்கிருந்தோ கேள்விப்பட்டு வந்து நின்றான்.

நம் பக்கத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள், அவர்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்கே தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம். மாந்தலேயில் 1890-களில் வேகிங்கர் என்கிற ஆஸ்திரிய நாட்டுக் கத்தோலிக்கச் சாமியார் தொழுநோயாளிகளுக்காக புனித அருளப்பர் இல்லத்தைத் தொடங்கினார். தொழுநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. வீட்டை விட்டு விரட்டப்பட்டு வழியோரம் கிடந்தவர்களைக் கூட்டிவந்து, புண்ணைக் கழுவி, சாகிறவரைக்கும் பார்த்துக்கொண்டார்கள். குணமாக்க முடியாது என்று தெரிந்தே தினமும் காலையில் அதே புண்ணைக் கழுவுவது என்பது வேறு வகையான வேலை.

ரங்கூனில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் நடத்துகிற முதியோர் இல்லத்தையும் சொல்ல வேண்டும். அந்தச் சபையைத் தொடங்கிய ஜான் ஜுகான் படிப்பு அதிகம் இல்லாத, வீட்டு வேலை செய்து பிழைத்த பிரெஞ்சுக்காரப் பெண். 1839 குளிர்காலத்தில் கண் தெரியாத, பாதி உடம்பு செயலிழந்த ஒரு கிழவியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு, தான் மேலே பரணில் போய்ப் படுத்துக்கொண்டார். அப்புறம் இன்னொரு கிழவி, இன்னொருவர் என்று வீடே நிறைந்துவிட்டது. கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டு அவர்களுக்குச் சாப்பாடு போட்டார். அந்தச் சபைச் சகோதரிகள் இன்றைக்கும் சந்தைக்குப் போய்க் கைநீட்டிக் காய்கறி கேட்டு வாங்குவது அவர் விட்டுப்போன வழக்கம்தான்.

ஆனால் ஜான் ஜுகானின் வாழ்க்கையில் என்னை அதிகம் பாதித்தது பிச்சை கேட்டது இல்லை. சபைக்கு ஆலோசகராய் இருந்த சாமியார் ஒருவர் அவரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து இறக்கிவிட்டு, தானே தொடங்கியதாகச் சொல்லிக்கொண்டார். 1852-இல் வெளி வேலைகளையும் நிறுத்தச் சொல்லி உள்ளே அழைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் 1879-இல் இறக்கிற வரைக்கும், 27 வருஷம், புதிதாய்ச் சேருகிற இளம் சகோதரிகளோடு சாதாரண ஒருத்தியாக இருந்தார். இந்தக் கிழவிதான் நம் சபையைத் தொடங்கியவர் என்று கூட இருந்த பல பேருக்குத் தெரியவே தெரியாது. 2009-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது, நல்லது, ஆனால் அந்த 27 வருஷத்தில் அவருக்கு அது தெரியாதே! உன் வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று இயேசு சொன்னதை இவ்வளவு தூரம் வாழ்ந்து பார்த்தவர்கள் குறைவு.

இதைச் சொல்லும்போது போட்டோ விஷயத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரிசி மூட்டையை ஒரு பக்கம் கொடுக்கிறவரும் ஒரு பக்கம் வாங்குகிற கிழவியுமாகப் பிடித்துக்கொண்டு, பின்னால் பேனர் கட்டி, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி எடுத்து பேஸ்புக்கில் போடுகிறோம். பணம் அனுப்பினவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறார்கள், அது சரிதான், கணக்குக் காட்டத்தான் வேண்டும். ரசீதைக் காட்டுங்கள், மூட்டைகளைக் காட்டுங்கள், கொடுக்கிறவர் முதுகைக்கூடக் காட்டுங்கள். வாங்குகிறவர் முகம் வேண்டாம். அந்தக் கிழவியின் பேரப்பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும், அவன் சிநேகிதர்கள் கையில் போன் இருக்கிறது.

எப்போதுமே முதல் வாரத்துக்கு ஆள் இருப்பார்கள். 2008 மே 2-ஆம் தேதி நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவை அடித்துக்கொண்டு போனதில் கிட்டத்தட்ட 1,38,000 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அப்போது ரங்கூன்காரர்கள் சொந்தக் காரில் அரிசியும் பிஸ்கட்டும் பழைய துணியும் ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனதை மறக்க முடியாது, அரசாங்கம் செய்யாததைச் சாதாரண ஜனங்கள் செய்தார்கள். 2021 ஜூலையில் கொரோனா மூன்றாவது அலை வந்தபோது ஆக்சிஜன் சிலிண்டருக்காகத் தெருத் தெருவாக வரிசை நின்றது, தெரியாதவர்களுக்காகத் தெரியாதவர்கள் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்புறம் 2025 மார்ச் 28, 7.7 அளவு நிலநடுக்கம். சகாயிங்கும் மாந்தலேயும் குலுங்கி 3,700 பேருக்கு மேல் போனார்கள், 1934-இல் கட்டிய பழைய ஆவா பாலமே ஐராவதி ஆற்றுக்குள் சரிந்தது. அப்போதும் முதல் சில நாளில் ரங்கூனிலிருந்து லாரி லாரியாகப் போனது. நாங்களும் பங்கில் சேர்த்து அனுப்பினோம்.

அப்புறம்? வீடு இடிந்தவர்கள் வாரக்கணக்கில் தெருவோரத்தில் கொசுவலை கட்டிப் படுத்துக்கொண்டிருந்தபோது, பகலில் வெயில் நூறு டிகிரிக்கு மேல் காய்ந்தபோது, அப்புறம் மழைக்காலம் வந்தபோது, லாரிகள் குறைந்துகொண்டே போயின. யாரையும் குற்றம் சொல்லவில்லை, எல்லோர் கையும் காலியாகிவிட்டது, இந்த நாட்டில் இப்போது யாருக்குத்தான் நிம்மதி இருக்கிறது. ஆனால் கால் எடுத்த பிள்ளைக்கு, அம்மாவை இழந்த குழந்தைக்கு, இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்ட கிழவருக்கு உண்மையான கஷ்டம் தொடங்குகிறதே அந்த இரண்டாவது மாசத்தில்தான். அந்த நேரத்தில் அங்கே இருக்கிறவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பொங்கிகள், பங்குச் சாமியார்கள், பாஸ்டர்கள், கன்னியர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள்தான், வேறு எங்கேயும் போக வேண்டிய அவசியம் இல்லாதவர்கள். அடுத்த முறை பணம் சேர்க்கும்போது பாதியை மூன்று மாசம் கழித்து அனுப்புவதற்கென்று எடுத்து வைக்கலாம் என்று எங்கள் பங்கில் சொல்லிப் பார்த்தேன். முதலில் தயங்கினார்கள், அப்புறம் ஒத்துக்கொண்டார்கள். மற்ற பங்குகளும் சபைகளும் இதை யோசிக்கலாம்.

மத்தேயு 25-இல் கடைசித் தீர்ப்பு நாளில் அரசர் சொல்வதாக வருகிற வரிகளை நாம் அடிக்கடி வாசிக்கிறோம்: "நோயுற்றிருந்தேன், என்னைக் கவனித்துக்கொண்டீர்கள், சிறையில் இருந்தேன், என்னைத் தேடி வந்தீர்கள்." என்னைக் குணப்படுத்தினீர்கள் என்று இல்லை, என்னைச் சிறையிலிருந்து மீட்டீர்கள் என்றும் இல்லை. அதெல்லாம் நம் கையில் இல்லை என்று அவருக்குத் தெரியும். கவனித்துக்கொள்வதும் தேடி வருவதும் காசில்லாதவனாலும் முடிகிற காரியம். சம்பளம் போதாமல், விலைவாசி ஏறி, பிள்ளைகள் எங்கோ வெளிநாட்டில் என்று நம் எல்லோர் நிலைமையும் இருக்கிற இந்தக் காலத்தில் எனக்கு இந்த வரிதான் தெம்பு.

ரங்கூனில் இருந்து இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்களுக்கு இப்போது ஆள் போதவில்லை. பகலில் எப்படியோ சமாளித்துவிடுகிறோம், ராத்திரிக்கு ஆள் கிடைப்பதில்லை, அப்புறம் கனமான நோயாளிகளைத் திருப்ப ஆண்கள் வேண்டும். முக்கியமாகத் தமிழ் பேசுகிறவர்கள் வேண்டும். வயதாகி நினைவு தடுமாறும்போது சில பேருக்குப் பிற்பாடு கற்ற மொழி முதலில் போய்விடுகிறது, வாழ்நாள் முழுக்க பர்மியம் சரளமாய்ப் பேசியவர்கள் கடைசியில் தமிழில் மட்டும் பேசுகிறார்கள். "தண்ணி" என்று கேட்டால் டியூட்டியில் இருக்கிற நர்ஸுக்குப் புரியாது, வலி எங்கே என்று சொன்னாலும் புரியாது. பர்மியப் பள்ளிக்கூடத்தில் படித்து, தமிழ் எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் வீட்டில் பேசுகிற நம் இளம் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுடைய அந்தப் பேச்சுத் தமிழே போதும், அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்று இல்லை, கிறிஸ்தவராகவும் இருக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் பின்வாசலில் நாங்கள் நிற்போம், வந்து பேசுங்கள். திருப்பிப் படுக்க வைப்பது, ஊட்டுவது எல்லாம் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்துவிடுவோம். எந்தக் கிழமை வர முடியும் என்பதை மட்டும் வீட்டில் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள், வாரம் ஒரு ராத்திரி முடியாவிட்டால் மாசம் ஒரு ராத்திரி, ஆனால் ஒப்புக்கொண்ட அந்த ராத்திரி உங்களை நம்பி அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் போடமாட்டோம்.